அந்தப் பிளேட் நான் கடைந்தது

என் ஆரோக்கிய மச்சானுக்கு,

இந்த மாதத்தோடு நீ போய் ஒரு வருஷம் ஆகிறது. நம்ம மெக்கானிக் சங்கத்தில் ஆண்டு மலர் போடுகிறார்கள். செயலாளர் கடைக்கே வந்துவிட்டார். "அண்ணே, ஆரோக்கியண்ணனைப் பத்தி நீங்கதான் எழுதணும். பக்கத்துப் பக்கத்து ஷெட்டு, இருபது வருசப் பழக்கம். நல்லதா ஒரு பக்கம் எழுதிக் குடுங்க" என்றார். நானும் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். 'காலஞ்சென்ற ஆரோக்கியசாமி அவர்கள்' என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் கை ஓடவில்லை. உன்னை 'அவர்கள்' போட்டு எழுத எனக்கு வராது மச்சான். அதனால் உனக்கே எழுதுகிறேன். சங்கத்துக்காரர்கள் கூட நின்று படித்துக்கொள்ளட்டும். அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்றும் இதில் இருக்கிறது.

முதலில் ஊர் சமாச்சாரம். உன் வீட்டுக்காரி, ரெஜினா தங்கச்சி, நன்றாக இருக்கிறது. உன் ஷெட்டை அடைக்கவில்லை. உன்னோடு வேலை பார்த்த செல்வம்தான் நடத்துகிறான். அவனுக்கும் நாற்பது தாண்டி, காதோரம் நரைத்துவிட்டது. நத்தம் ரோட்டில் நம் கடைகளுக்கு முன்னால் குழாய்க்காகத் தோண்டி, பாதி மூடி விட்டுப் போயிருக்கிறார்கள். வருகிற வண்டியெல்லாம் அந்தப் பள்ளத்தில் இறங்கி ஏறி, ஏதாவது ஒரு சத்தத்தைப் புதிதாகச் சம்பாதித்துக்கொண்டுதான் உள்ளே வருகிறது. நீ இருந்தால் அந்தப் பள்ளத்தைத் திட்டியிருக்க மாட்டாய். ஓரமாக நாற்காலி போட்டுக் கேட்டுக்கொண்டு இருந்திருப்பாய்.

உன் வேலையைப் பார்த்தவர்கள் எல்லாரும் சொல்வது ஒன்றுதான். வண்டி வந்ததும் நீ பானெட்டைத் திறக்க மாட்டாய். டிரைவரை உட்கார வைப்பாய். "எப்பக் கேக்குது? ஏத்தத்துலயா, இறக்கத்துலயா? காலையில மொத ஸ்டார்ட்லயா, சூடானப்புறமா? கிளட்ச்ச மிதிச்சா கூடுதா, கொறையுதா?" அவசரக்காரர்களுக்கு எரிச்சல் வரும். "பாத்துச் சொல்லுய்யான்னா, கேள்வியாக் கேக்குற" என்பார்கள். நீ அசைய மாட்டாய்.

அய்யலூர் ஆட்டுக்காரர் ஒருவர் மினி வேனைக் கொண்டுவந்தாரே, நினைவிருக்கிறதா? பின்னால் டொக் டொக்கென்று அடிக்கிறது என்றார். இரண்டு பட்டறையில் பின் அச்சையே பிரித்து மாட்டியிருந்தார்கள். நீ உன் கேள்வியை ஆரம்பித்தாய். ஏற்றத்திலும் கேட்கிறது, இறக்கத்திலும் கேட்கிறது, நின்ற வண்டியில்கூடக் கேட்கிறது என்றார். "தெனமுமா கேக்குது?" என்றாய். அவர் யோசித்தார். "இல்ல, சந்தைக்குப் போற அன்னைக்குத்தான்." நீ அப்படியே என்னைத் திரும்பிப் பார்த்தாய். கிடாய் தகரத்தில் கொம்பைத் தேய்த்துக்கொண்டு வந்திருக்கிறது! தகரத்துக்கு உள்பக்கம் பழைய டயர் ரப்பரை அடித்து அனுப்பினாய். அவரை ஒரு வார்த்தை கேலி பேசவில்லை. அவர் போன பிறகு நாம் சிரித்த சிரிப்பில் உனக்குப் புரையேறிவிட்டது.

சரி, பாண்டியம்மாளின் கார் விஷயத்துக்கு வருகிறேன்.

ஏழு வருஷம் இருக்கும். சிறுமலையிலிருந்து பாண்டியம்மாள் தன் வெள்ளை அம்பாசிடரை ஒரு லாரியின் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு வந்தாள். புருஷன் விட்டுப்போன வண்டி. அவர் இறந்ததும் விற்கச் சொன்னவர்களிடம் முடியாது என்று சொல்லிவிட்டு, தானே ஓட்டக் கற்றுக்கொண்டவள். மலையில் பஸ் குறைவு. ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், பரீட்சை எழுதப் போகிறவர்கள், மிளகு மூட்டை, வாழைத்தார் எல்லாம் அந்தக் காரில்தான் திண்டுக்கல்லுக்கு இறங்கும். அதன் பெட்ரோல் இன்ஜின் செத்துவிட்டது. "டீசல் இன்ஜின் ஒண்ணு மாத்திக் குடுங்கண்ணே. இது ஓடலைன்னா நான் ஓட முடியாது" என்றாள்.

வடமதுரைப் பக்கம் ஒரு பழைய இரும்புக் கடையில், நசுங்கிய வேனிலிருந்து கழற்றிப் போட்ட டீசல் இன்ஜின் ஒன்றை நீ கண்டுபிடித்தாய். அதைத் தரையில் வைத்து, பேட்டரியும் ஒரு டப்பா டீசலும் கொடுத்து ஓட விட்டு, அரை மணி நேரம் பக்கத்தில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்திருந்தாய். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை இன்ஜினில் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு இடமாகக் கேட்டாய். கடைசியில், "நல்ல உசுரு மாப்ள. எடுத்துக்கலாம்" என்றாய்.

வேறு வண்டியின் இன்ஜின் இந்த வண்டியின் கியர்பாக்ஸோடு நேராகச் சேராது. இரண்டுக்கும் நடுவில் கனமான இரும்புத் தட்டு ஒன்று வேண்டும். ஒரு பக்கம் இன்ஜினுக்கும் மறு பக்கம் கியர்பாக்ஸுக்கும் பொருந்துகிற மாதிரி அதைக் கடைய வேண்டும். அதைத்தான் பிளேட் என்போம். நீ அளவெடுத்துக் காகிதத்தில் எழுதித் தந்தாய். என் லேத்தில் கடைந்து கொடுத்தது நான்.

இன்ஜின் ஏறிய முதல் வாரமே ஒரு சத்தம் வந்தது. வலது பக்கம் வளையும்போது மட்டும் 'ணங்' என்று ஒரு அடி. பாண்டியம்மாள் பயந்துபோனாள். செல்வம் ஸ்டியரிங்கைச் சந்தேகப்பட்டான். நீ அவளுடன் மலைக்கே போனாய். பின் சீட்டைக் கழற்றிவிட்டு, தரையில் உட்கார்ந்து, உள்ளங்கையைத் தகரத்தில் வைத்துக்கொண்டு போனதாக அவள் இன்றைக்கும் சொல்கிறாள். அடுத்த நாள் ஒரு டப்பாவில் சுண்ணாம்பைக் குழைத்து சைலன்ஸர் பைப் முழுக்கத் தடவினாய். "என்ன மச்சான், பொங்கலுக்கு வெள்ளையடிக்கிறியா?" என்று நான் கேட்டேன். வண்டி ஒரு முறை மலை ஏறி இறங்கி வந்ததும் அடியில் படுத்துப் பார்த்தோம். வண்டியின் அடிச்சட்டமான சேஸில் ஒரே ஒரு இடத்தில், கட்டை விரல் அகலத்துக்கு, வெள்ளையாக ஒட்டியிருந்தது. டீசல் இன்ஜினின் ஆட்டம் அதிகம். வளைவில் அது இடது பக்கம் சாயும்போது பைப் போய் சேஸை அடித்திருக்கிறது. பைப்பைக் கொஞ்சம் வளைத்து மாட்டியதும் சத்தம் போயே போய்விட்டது. எதையும் பிரிக்கவில்லை. அரைக் கிண்ணம் சுண்ணாம்போடு முடிந்தது. அன்றைக்கு உன்னை நினைத்து எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? உன்னிடம் சொன்னேனா? சொல்லியிருக்க மாட்டேன்.

மூன்று வாரம் கழித்து வேறு சத்தம் வந்தது. கியரில் வைத்து கிளட்ச்சை மிதித்தால் 'கிர்ர்ர்' என்று ஒரு அரைப்பு. காலை எடுத்தால் நின்றுவிடும். நீ ஷெட் கதவில் சாக்பீஸால் எழுதினாய். கிளட்ச் மிதித்தால் உண்டு. விட்டால் இல்லை. நியூட்ரலில் இல்லை. மூன்றே வரி. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாய். இன்ஜினின் பின்முனையில் கியர்பாக்ஸ் தண்டு வந்து உட்காருகிற சின்ன பேரிங்தான் என்றாய். கழற்றிப் பார்த்தால், பேரிங் பொடிந்து கிடந்தது. புதிது போட்டாய். சத்தம் அடங்கியது.

மறுபடி மூன்று வாரத்தில் அதே சத்தம்.

அப்போது நீ சொன்னது என் காதிலேயே இருக்கிறது. "ஒரே எடத்துல பேரிங்கு ரெண்டு வாட்டி சாகாது மாப்ள. இத வேற என்னமோ கொல்லுது." வண்டியை நிறுத்திவிட்டுப் போகச் சொன்னாய். பாண்டியம்மாள், மறுநாள் கண் ஆபரேஷனுக்கு ஒரு அம்மாவைக் கூட்டி வருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன், இறக்கிவிட்டு நேராக இங்கேதான் வாரேன் என்றாள். நீ அரை மனசோடு அனுப்பினாய்.

மறுநாள் காலை, இறக்கத்தில், ஒரு கொண்டை ஊசி வளைவுக்குச் சற்று முன்னால், மூன்றாவது கியர் தானாக நியூட்ரலுக்கு வந்து விழுந்துவிட்டது. உள்ளே ஐந்து பேர், மேலே வாழைத்தார். இன்ஜின் பிடிப்பு போனதும் வண்டி பாய்ந்திருக்கிறது. வேறு யாராவது ஓட்டியிருந்தால் என்ன ஆகியிருக்குமோ. பாண்டியம்மாள் பிரேக்கை மிதித்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மலைப் பக்கத்து ஓடையில் சக்கரத்தை இறக்கி நிறுத்திவிட்டாள். கண் ஆபரேஷனுக்கு வந்த அம்மாவுக்கு நெற்றியில் ஒரு வீக்கம். மற்றவர்களுக்குச் சிராய்ப்பு. அவ்வளவுதான். ஆனால் அந்தப் பக்கம் பள்ளம் மச்சான்.

கார் மறுபடி இழுத்துக்கொண்டு வரப்பட்டது. நீ அன்று மத்தியானமே கியர்பாக்ஸை இறக்கினாய். என் லேத்திலிருந்துதான் டயல் கேஜை வாங்கிக்கொண்டு போனாய், தலைமுடி அளவு வித்தியாசத்தையும் முள்ளில் காட்டுகிற அந்தக் கருவியை. செத்த நேரத்தில் அந்தப் பிளேட்டையும் கேஜையும் ஒரு சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு என் பட்டறைக்குள் வந்தாய். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"மாப்ள, இத டயல்ல வச்சுப் பாரு."

"என்ன மச்சான்?"

"நான் பாத்துட்டேன். நீயும் பாரு."

வைத்துச் சுற்றினேன். முள் அசையாமல் நிற்க வேண்டும். அது போய்ப் போய் வந்தது. இரண்டு பக்கத்து வட்டமும் ஒரே மையத்தில் இல்லை. தண்டு கோணலாகவே சுற்றியிருக்கிறது. அதனால்தான் பேரிங் பொடிந்தது. அதனால்தான் கியர் தெறித்தது.

எப்படி ஆனது என்று எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. அதைத்தான் மச்சான் நான் இங்கே எழுத வேண்டும். பிளேட்டின் ஒரு பக்கம் கடைந்து முடித்திருந்தபோது கரண்டு போய்விட்டது. கரண்டு வந்ததும், போர்வெல் மோட்டார் தண்டு ஒன்று அவசரம் என்று ஒருவர் வாசலில் நின்றார். பிளேட்டை இறக்கிவிட்டு அவர் வேலையைச் செய்தேன். திரும்ப ஏற்றும்போது டயல் வைத்து மையம் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. கண்ணால் பார்த்தே வைத்தேன். 'பெருமாள் கண்ணே டயல்தான்' என்று நாலு பேர் சொல்லிச் சொல்லி, நானும் நம்பிக்கொண்டிருந்தேன். அந்தக் கொழுப்புத்தான்.

நான் வாயைத் திறப்பதற்குள் வாசலில் சத்தம். பாண்டியம்மாளும் அவள் கொழுந்தன் மாயாண்டியும் வந்துவிட்டார்கள். கூடவே நாலைந்து ஆட்கள், டாக்ஸி ஸ்டாண்டு டிரைவர்கள் இரண்டு பேர். மாயாண்டி உன்னைப் பார்த்ததும் கத்தினான்.

"எந்தக் குப்பையில பொறுக்குன இன்ஜின்யா இது? எங்க மதினி உசுரு ஒனக்கு வெளாட்டா இருக்கா? அஞ்சு உசுருய்யா!"

நீ கையிலிருந்த வெறும் சாக்கை என் பெஞ்சின் மேல் போட்டுவிட்டு வெளியே போனாய். நான் உள்ளேயே நின்றேன்.

"இன்ஜின் நல்ல இன்ஜின்தான் தம்பி. மாட்டுனதுல தப்பு. அளந்து பாக்காம மாட்டிட்டேன். தப்பு என்னுது" என்றாய்.

"தப்பு என்னுதுன்னா முடிஞ்சுபோச்சா?"

"முடியல. கழட்டிச் சரியா மாட்டித் தாரேன். நீங்க நம்புற வேற ஆளை வச்சுக்கூடப் பாத்துக்கங்க. அதுவரைக்கும் ஒங்க மதினி வண்டிய எடுக்க வேணாம்."

அவன் இன்னும் என்னென்னவோ பேசினான். வீட்டுப் பெண்களைச் சேர்த்தும் இரண்டு வார்த்தை விட்டான். நீ தலையைக் குனியவுமில்லை, எதிர்த்துப் பேசவுமில்லை. பாண்டியம்மாள்தான் கடைசியில், "போதும் மாயாண்டி, வா" என்று அவனை இழுத்துக்கொண்டு போனாள். நான் என் லேத்தின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அத்தனையும் கேட்டேன். நாலு எட்டு எடுத்து வைத்தால் வாசல். வைக்கவில்லை.

அதன் பிறகு நான்கு நாள் நீ என்னோடு பேசவில்லை. அது எனக்குப் புரிந்தது. நீ ஒன்றும் சாமியார் இல்லை, உனக்குக் கோபம் இருந்தது. ஐந்தாம் நாள் இரண்டு டீயோடு வந்து ஒன்றை என் பக்கம் நகர்த்தினாய். "புதுசு கடையலாமா?" என்றாய். நான் அழுதுவிட்டேன். "ஏன் மச்சான் நீ சொல்லல?" என்று கேட்டேன்.

"நீ குடுத்த பிளேட்ட டயல் வைக்காம மாட்டுனது நான்தானே? அப்ப அது என் தப்புத்தான்" என்றாய். அப்புறம் டீயைக் குடித்து முடித்துவிட்டு, "எனக்கு இன்னொரு வண்டி நல்லா ஓடுனா பேரு திரும்ப வந்துரும். லேத்துக்காரன் கை தப்புன்னு ஊருல பேச ஆரம்பிச்சா, ஒனக்கு அது திரும்பாது" என்றாய். அதோடு சரி. மறுபடி அந்தப் பேச்சை நீ எடுக்கவே இல்லை.

புதுப் பிளேட்டை நான் கடைய, நீ பக்கத்தில் நின்று ஒவ்வொரு முறையும் முள்ளைப் பார்த்தாய். அந்தக் கார் அன்றையிலிருந்து இன்றைக்கு வரை மலை ஏறி இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் உன் பேர் அவ்வளவு சீக்கிரம் திரும்பவில்லை. ஸ்டாண்டு டிரைவர்கள் ஒரு வருஷத்துக்கு மேல் உன் ஷெட்டுப் பக்கம் வரவில்லை. 'இன்ஜின் மாத்துற வேலைய அந்தாளுகிட்டக் குடுத்துராத' என்று டீக்கடையில் பேசுவார்கள். நான் அங்கே இருந்திருக்கிறேன். வடையைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு எழுந்து வந்திருக்கிறேன். ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். நீ மறுபடி தலைநிமிர்ந்தபோது, இனிமேல் எதற்கு என்று நினைத்தேன். நீ போய்ச் சேர்ந்தபோது, யாரிடம் சொல்ல என்று நினைத்தேன். ஆளுக்கு எத்தனை சாக்கு கிடைக்கிறது பார்த்தாயா?

போன மாதம் பாண்டியம்மாள் மறுபடி வந்தாள். காரில் புதுச் சத்தம். நின்ற இடத்தில் ஓடும்போது 'டக் டக் டக்'. ஆக்ஸிலேட்டரைக் கொடுத்தால் மறைகிறது. அடிவாரத்தில் ஒரு மெக்கானிக், இன்ஜின் உள்ளே ராடு பேரிங் போய்விட்டது, முழுதாகப் பிரிக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். செல்வமும் கேட்டுவிட்டு முகம் வாடினான். பாண்டியம்மாள் என் பட்டறை வாசலில் வந்து உட்கார்ந்தாள். "ஆரோக்கியண்ணன் இருந்தா கேள்வி கேட்டே கண்டுபிடிச்சிருக்கும்" என்றாள்.

எனக்கு மெக்கானிக் வேலை தெரியாது. ஆனால் உன் கேள்விகளை இருபது வருஷம் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டவன். அவளை உட்கார வைத்துக் கேட்டேன். ஏற்றத்தில் இருக்கிறதா? இல்லை. பாரம் ஏற்றினால் கூடுகிறதா? இல்லை. ராடு பேரிங் என்றால் பாரத்தில் கூட வேண்டும் என்று நீ சொல்வாயே. ஹெட்லைட்டைப் போட்டால்? அவள் யோசித்தாள். "ஆமாண்ணே, லைட்டப் போட்டா சத்தம் கொஞ்சம் மாறுது." எனக்குப் பொறி தட்டியது. லைட் போட்டால் கரண்டு தருகிற ஆல்டர்னேட்டருக்குத்தான் சுமை ஏறும். அதைச் சுழற்றுவது ஒரு பெல்ட். செல்வத்திடம், "பெல்ட்டக் கழட்டிட்டு ஒரு நிமிசம் ஸ்டார்ட் பண்ணு" என்றேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். கழற்றி ஸ்டார்ட் செய்தான். சத்தம் இல்லை! ஆல்டர்னேட்டரைத் தாங்குகிற இரும்புக் கை, இன்ஜின் மாற்றியபோது நாம் வெட்டி ஒட்டியது, வெல்டிங்கில் விரிசல் விட்டிருந்தது. மறுபடி ஒட்டி மாட்ட ஒரு மணி நேரம் ஆனது. இன்ஜினை யாரும் பிரிக்கவில்லை.

செல்வம் என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு ஷெட்டுக்குப் போனான். எனக்கு உன்னைத்தான் பிடித்துக் குலுக்க வேண்டும்போல் இருந்தது. பாண்டியம்மாளுக்குச் சந்தோஷம். டீ சொல்லிவிட்டு உட்கார்ந்தோம். அப்போது அவள் சொன்னாள்: "ஆரோக்கியண்ணன் கையில தப்பே வராதுண்ணே. ஒரே ஒரு தடவை சறுக்குச்சு. பாவம், ஆருக்குத்தான் சறுக்காது?"

அவள் உன்னைப் பாராட்டித்தான் சொன்னாள். எனக்கு அது தாங்கவில்லை.

"சறுக்குனது அவன் இல்ல தாயி. அந்தப் பிளேட் நான் கடைஞ்சது. டயல் வைக்காமக் கடைஞ்சேன். கோணலா இருந்துச்சு. அவன் எனக்காகப் பழிய வாங்கிக்கிட்டான்."

அவள் மெதுவாகக் கேட்டாள். "அன்னைக்கு எங்க கொழுந்தன் பேசுன பேச்சு அம்புட்டையும் உள்ள நின்னு கேட்டுக்கிட்டா இருந்தீங்க?"

"ஆமா தாயி."

"அந்த வண்டிக்குள்ள நானும் இருந்தேண்ணே" என்றாள். எழுந்து போய்விட்டாள். டீ வந்து ஆறிக்கொண்டிருந்தது.

அதே வேகத்தில் ரெஜினாவிடம் போனேன். வீட்டு வாசலில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தது. நின்றபடியே சொன்னேன். தங்கச்சிக்குத் தெரிந்திருக்கும், வீட்டிலாவது சொல்லியிருப்பாய் என்றுதான் நினைத்தேன். உருவிய கீரை கையிலேயே நின்றது.

"எங்கிட்டச் சொல்லவே இல்லண்ணே. அந்த வருசம் ஒருத்தரும் ஷெட்டுக்கு வரல. ஒரு நா நான்கூட, ஒங்களுக்குக் கைவேலை மறந்துபோச்சான்னு கேட்டுட்டேன். சிரிச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு."

அந்தச் சிரிப்புக்குப் பின்னால் உனக்கு வலிக்கவில்லையா? ஒரு வார்த்தை, 'பெருமாள்' என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வீட்டிலாவது உனக்கு நியாயம் கிடைத்திருக்குமே.

மன்னிப்புக் கேட்டேன். ரெஜினா என்னைத் திட்டவில்லை. "எங்கிட்டச் சொல்லி என்னண்ணே ஆகப்போகுது? நாலு பேரு முன்னால அவரைப் பேசுனாக. அந்த நாலு பேரு முன்னால சொல்லுங்க" என்றது. சங்கத்து மலருக்கு எழுதக் கேட்டிருக்கிறார்கள் என்றேன். "அப்ப எழுதுங்க. எழுதுறத முழுசா எழுதுங்க."

எழுதிவிட்டேன். ஸ்டாண்டு டிரைவர்களுக்கும், டீக்கடையில் என்னோடு உட்கார்ந்தவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். ஆரோக்கியம் மாற்றிய இன்ஜினில் குறை இல்லை. அவன் காதுக்குத் தப்பிய சத்தம் எதுவும் இல்லை. சொந்த வேலையில் வந்த சத்தத்தை, அடுத்தவன் வேலையில் வந்தது மாதிரியே உட்கார்ந்து கேட்கிற துணிச்சல் நம் தொழிலில் எத்தனை பேருக்கு இருக்கிறது? கேட்டு, நண்பன்தான் காரணம் என்று தெரிந்த பிறகு, வாசலுக்குத் தான் மட்டும் போகிற மனசு யாருக்கு வரும்?

இரண்டு வாரம் முன்பு மாயாண்டி உன் வீட்டுக்கு வந்தானாம். பாண்டியம்மாள் சொல்லி அனுப்பியிருக்கிறாள். ஒரு மலைவாழைத் தாரை வாசலில் இறக்கி வைத்துவிட்டு, "அண்ணனை வாய்க்கு வந்தபடி பேசிட்டேன் மதினி" என்று நின்றிருக்கிறான். ரெஜினா அவனை உள்ளே கூப்பிட்டுச் சோறு போட்டது. செல்வத்துக்கும் விஷயம் தெரிந்து, இரண்டு நாள் என்னிடம் முகம் கொடுக்கவில்லை. அது நியாயம்தான்.

நேற்று பாண்டியம்மாள் வந்தாள். என் பட்டறைக்கு, ஒரு மாதத்துக்குப் பிறகு. காரின் பிரேக் டிரம் ஒன்று தேய்ந்து மேடு பள்ளமாக இருந்தது. பெஞ்சின் மேல் வைத்தாள். நாற்காலியை லேத்துக்குப் பக்கத்திலேயே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"கடைஞ்சு குடுங்கண்ணே. எங்கண்ணு முன்னால அளந்து குடுங்க" என்றாள்.

டயலை வைத்து, முள்ளை அவள் பக்கம் திருப்பி, ஒவ்வொரு சுற்றும் காட்டிக் கடைந்து கொடுத்தேன். டிரம்மை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கிளம்பும்போது, "சரி, வாரேண்ணே" என்றாள். போறேன் என்று சொல்லவில்லை. எனக்கு அது போதும்.

மச்சான், உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். இனிமேல் என் கையால் ஒரு தப்பு நடந்தால், ஆள் கூடுவதற்கு முன்னால் நானே வாசலுக்குப் போய்ச் சொல்வேன். எனக்காக வேறொருவன் அங்கே நிற்க விடமாட்டேன்.

உன் பக்கத்து ஷெட்டு மாப்ள,
பெருமாள்